தகரக் குழாயில் தெரிந்த பாதி வெள்ளி

எனக்குச் சரியாக எழுத வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடைக்குச் சீட்டு எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். நாலு வரி எழுதினால் ஐந்தாவது வரி ஞாபகத்துக்கு வராமல் நிற்கிறது. அது வந்து சேரும்போது முன்னே எழுதின நாலு வரியும் எதற்கு எழுதினேன் என்று மறந்து போகிறது. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் கண்ணாஸ்பத்திரியில் ஒன்று நடந்தது. அதிலிருந்து பழைய விஷயம் ஒன்று மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கண் நன்றாகத் தெரிகிறபோதே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் அப்போது குன்னூருக்கும் வெலிங்டனுக்கும் நடுவில், ரயில் பாதைக்கு மேலே இருந்த ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வெலிங்டனில் பட்டாளத்தார் ஒர்க்‌ஷாப்பில் சிவிலியன் ஃபிட்டர். நான் பக்கத்து டீ ஃபேக்டரியில் நார் பொறுக்கும் வேலைக்குப் போனேன். சலித்துக் கொட்டிய டீத்தூளில் குச்சியும் நாரும் கிடக்கும். ஜன்னல் ஓரத்து மேஜையில் தூளைப் பரப்பி வைத்துக்கொண்டு அவற்றை விரலால் எடுத்துப் போட வேண்டும். கறுப்புத் தூளுக்குள் பழுப்பு நார், தலைமயிர் கனம்கூட இருக்காது. அந்த வேலைக்குக் கண்தான் முதல். கை அதற்கு அடுத்துத்தான். ஒரே மகள் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

இரண்டு பேருமே பேசாதவர்கள். எனக்குக் கூச்சம். அவருக்கு என்ன என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் ஓர் அக்கா இருந்தது. குன்னூர் மார்க்கெட்டில் காய் விற்கும். எதையும் யாருக்காகவும் மாற்றிச் சொல்லாது. அது எங்களைக் கேலி பண்ணும்: “உங்க ஊட்டுல ஆளு இருக்குதா இல்லையான்னு அடுப்புப் பொகையப் பாத்துத்தானுங்க கண்டுபுடிக்கோணும்.”

எங்கள் கல்யாணத்தன்று நடந்ததையும் இங்கேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தாலி கட்டி முடிந்ததும் எங்களைப் பந்தலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஐயர் கையை மேலே நீட்டி, “அருந்ததி தெரியறதாம்மா?” என்று கேட்டார். பட்டப்பகல். அதுவும் மலைமூடுபனி இறங்கி எதிர்வீட்டுக் கூரைகூட மறைந்திருந்தது. நான் தலையை நிமிர்த்தி அந்த வெள்ளைப் பனியைப் பார்த்து, “தெரியுதுங்க” என்றேன். அவரைக் கேட்டார்கள். அவரும் “தெரியுதுங்க” என்றார். உடனே எல்லோரும் உள்ளே சாப்பிடப் போனோம். அந்த இடத்தில் நின்றுகொண்டு ‘தெரியவில்லை’ என்று சொன்ன பெண் ஒருத்தியையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மகள் ஹாஸ்டலில் இருந்த அந்த வருடம், மழை ஓய்ந்தபின் அவர் ஒரு பெரிய கண்ணாடி வில்லையைக் காயலான் கடையிலிருந்து கொண்டு வந்தார். ஓரத்தில் சில்லுப் பெயர்ந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் தூரக்கண்ணாடி பழுது பார்ப்பதை நின்று பார்த்துப் பார்த்து, தானும் ஒன்று செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. குழாய்க்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் தகரக் குழாயையே கழற்றிவிட்டார். “மழைக்கு முன்னால திரும்ப மாட்டிர்றேன் புள்ள” என்றார். அதன்பிறகு இரண்டு மழைக்காலம் அந்த மூலையில் நான் வாளி வைத்தேன். நிற்க வைக்கிறதற்கு, எஸ்டேட்டில் பிடுங்கிப் போட்டிருந்த கிழட்டுத் தேயிலைச் செடி ஒன்றைத் தூக்கி வந்து, வேரைத் தட்டிச் சமன் பண்ணி மூன்று காலாக்கினார். குழாயின் உள்பக்கம் முழுக்க விளக்குக் கரி பூசி, ஒரு முனையில் அந்த வில்லையையும் கண் வைக்கிற முனையில் சின்ன வில்லை ஒன்றையும் பொருத்தினார். வீட்டுக்குப் பின்னால், பட்டர் பீன்ஸ் கொடிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தினார்.

முதல் நாள் ஃபேக்டரிப் புகைபோக்கியைக் காட்டினார். புகைபோக்கி தலைகீழாகத் தொங்கியது, புகை கீழே இறங்கியது. நான் கண்ணை எடுத்துவிட்டேன். “இதுல எல்லாம் தலைகீழாத்தான் தெரியும். பயப்படாத” என்றார். சரி, அதை மனதில் வைத்துக்கொண்டேன். தலைகீழாகத் தெரியும், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

தை மாதம். உறைபனிக் காலம், அதனால் வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். சூரியன் எதிர் மலைக்குப் பின்னால் இறங்கியதும் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே வெள்ளி தெரிய ஆரம்பிக்கும். ஒரு நாள் நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன், அவர் பின்வாசலில் வந்து கூப்பிட்டார். வேலையில் இருந்து வந்த மனிதர் அவ்வளவு சந்தோசமாக என்னைக் கூப்பிட்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை.

“மூச்சப் புடிச்சுக்கிட்டுப் பாரு. மூச்சுப் பட்டா கண்ணாடி மங்கிரும்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். முதலில் கறுப்பாக இருந்தது. அப்புறம் ஒரு வெளிச்சம் ஆடி ஆடி நடுவில் வந்து நின்றது.

“தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“நல்லாத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதுங்க.”

தெரிந்ததுதான். ஆனால் பாதிதான் தெரிந்தது. உடைத்த உளுந்தம்பருப்பு மாதிரி, மேல்பாதி வெள்ளையாக, சுற்றி ஊதா நிறம் கசிந்துகொண்டு இருந்தது. கீழ்பாதி இல்லை. கத்தியால் நறுக்கியது போல நேராக வெட்டுப்பட்டிருந்தது.

எனக்கு அம்மாவின் தட்டு நினைவுக்கு வந்தது.

அம்மா காந்தல் என்கிற ஊரில் இருந்தாள். கடைசிக் காலத்தில் சோறு போட்டால் தட்டில் ஒரு பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவாள். மறுபாதியில் சோறும் குழம்பும் அப்படியே இருக்கும், பாத்தி கட்டினது மாதிரி. பசி இல்லை என்று நினைத்தோம். ஒரு நாள் என் கூடப்பிறந்த அக்கா தட்டைச் சுற்றி வைத்தாள். “அட, இன்னும் இருக்குதா!” என்று அம்மா உட்கார்ந்து மீதியையும் சாப்பிட்டாள். பாதி அவளுக்குத் தெரியவே இல்லை. தெரியவில்லை என்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் வருடம் திரும்புவதற்குள் பார்வை முழுக்கவே போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்றைக்கு உலை பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் அதைத் துடைத்துக்கொண்டே ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். அடுப்பு முழுசாகத் தெரிந்தது. ஆனால் அம்மாவுக்கும் அடுப்பு தெரிந்ததே.

மறுநாள் அவர் மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை இடது கண்ணால் பார்த்தேன். அதிலும் பாதிதான். அப்படியானால் இரண்டும்.

அதிலிருந்து எனக்கு வந்த புத்தியைச் சொன்னால் சிரிப்பீர்கள். சாப்பிடும்போது தட்டைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்ப்பேன். அவர் ஒரு நாள், “என்ன புள்ள தேடற?” என்றார். “கல்லுங்க” என்றேன். கோலம் போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய் நின்று இந்தப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்ப்பேன். ஃபேக்டரியில் தூளைப் பரப்பினால் மேஜையின் நாலு மூலையையும் கையால் தடவிய பிறகுதான் பொறுக்க ஆரம்பிப்பேன். இப்படியே கவனம் சிதறி ஒரு நாள் நார் நிறைய விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் நான் பொறுக்கிய தூளில் கை விட்டு அலசி, “என்னம்மா, கண்ணு எங்க இருக்குது?” என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. நான் தூளை மறுபடியும் பரப்பி, மூலையிலிருந்து தடவ ஆரம்பித்தேன்.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? சொன்னால் டாக்டரிடம் கூட்டிப் போவார்கள். டாக்டர், ‘ஆமாம், உன் அம்மாவுக்கு வந்ததுதான்’ என்று சொல்லிவிடுவார். சொல்லாத வரைக்கும் அது உறுதி இல்லை. மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டேன். கண் வடிவத்தில் தகடு செய்து விற்பார்களே, அது. ஒரு ஜோடிக்கு வேண்டினேன், அப்புறம் இரண்டு ஜோடியாக்கினேன்.

இன்னொரு பயமும் இருந்தது. வெள்ளிதானே சுக்கிரன், அந்தச் சுக்கிரனுக்கு ஒற்றைக் கண் என்று சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறேன். தானம் கொடுக்க விடாமல் வண்டாக மாறிக் கமண்டலத்து மூக்கை அடைத்தவரைத் தர்ப்பையால் குத்தியதில் ஒரு கண் போயிற்று என்று. ஒற்றைக் கண்ணனை ஒற்றைக் கண்ணால் குழாய் வைத்துப் பார்த்தேனே, அதுதான் பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. அப்போது வேடிக்கையாக இல்லை.

இதற்கு நடுவில் அவர் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்ததும் வில்லையைக் கழற்றுவார். என்னுடைய பழைய நூல் புடவைத் துண்டால் துடைப்பார். கொஞ்சம் திருப்பி மாட்டுவார். பெயர்ந்த ஓரத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டுவார். பார்ப்பார். மறுபடியும் கழற்றுவார். என்ன ஆசை பார் இந்த மனிதருக்கு என்று நினைத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிடுவார்.

“இப்பப் பாரு. தெரியுதா?”

“தெரியுதுங்க.”

நான் அப்படிச் சொன்னதும் அவர் முகம் சுண்டிப் போகும். தெரிகிறது என்று சொன்னால் எதற்கு முகம் சுண்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

ஒரு நாள் வேறு மாதிரிக் கேட்டார். “முழுசாத் தெரியுதா புள்ள?”

கண்டுபிடித்துவிட்டார், தட்டைச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறார், சோதிக்கிறார் என்று நினைத்தேன்.

“முழுசாத் தெரியுதுங்க.”

“ரவுண்டாவா?”

“ரவுண்டாத்தாங்க.”

அவர் குழாயின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போனார். அன்று இரவு சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் வில்லையைக் கழற்றுவதையும் நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலமானால் போய்ச் சும்மா பார்ப்பார். ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணால் பார்ப்பார்.

அவர் இல்லாத நேரம் நானும் பார்த்தேன். மாசி பிறந்திருந்தது. பாதிப் பருப்பு இப்போது பருப்பாகக்கூட இல்லை, வளைந்து பிறையாகிவிட்டது. ஒவ்வொரு வாரமும் மெலிந்துகொண்டே போனது. மெலிய மெலியப் பெரிதாகவும் ஆனது, அதுதான் எனக்குப் புரியாதது. என் கண்ணில் இருட்டு ஏறிக்கொண்டே வருகிறது, இன்னும் கொஞ்ச நாளில் ஒரு கோடு, அப்புறம் ஒன்றும் இல்லை என்று முடிவுக்கே வந்துவிட்டேன். ஹாஸ்டலில் இருந்து மகள் லீவுக்கு வந்தபோது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னம்மா அப்பிடிப் பாக்கற?” என்றாள். “எளச்சுட்ட” என்றேன். அவள் இளைக்கவில்லை.

அவள் திரும்பிப் போன வாரத்தில் ஒரு சாயங்காலம். பக்கத்து வீட்டு அக்கா மார்க்கெட்டில் விற்காமல் மிஞ்சிய முள்ளங்கியைக் கொடுக்கப் பின்வாசலுக்கு வந்தது. அவர் குழாயில் குனிந்திருந்தார். நான் அவருக்குப் பால் விடாத கட்டன்சாயா கொண்டு வந்து நின்றேன்.

“என்னுங் தம்பி, தண்ணி வர்ற கொழாய்க்குள்ள தெனமும் தலைய வுட்டுக்கிட்டு?” என்றது அக்கா. “உள்ள எதாச்சும் வுழுந்துருச்சுங்களா?”

“வெள்ளி பாக்கறனுங்க்கா. நீங்களும் வேணா பாருங்க” என்றார். மரியாதைக்குச் சொன்னதுதான்.

“பாக்கறேன். காசா கேக்கப் போறீங்க?”

அக்கா பருத்த உடம்பு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கியது. மூச்சுப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்வதற்குள் ஊதிவிட்டது. அவர் துடைத்துக் கொடுத்தார். மறுபடியும் குனிந்தது.

“அட, நெலா!”

“நெலா இல்லீங்க்கா. வெள்ளிங்க.”

“நெலாங்க தம்பி.”

“இன்னிக்கு நெலாவே இல்லீங்க்கா. மேல பாருங்க, எங்க இருக்குது?”

அக்கா நிமிர்ந்து வானத்தைப் பார்த்தது. யூகலிப்டஸுக்கு மேலே வெள்ளி மட்டும் இருந்தது. மறுபடி குனிந்தது.

“எனக்கு வெள்ளி தெரியாதுங்களா? விடியாலயே எந்திரிச்சு மார்க்கெட்டுக்குப் போறவ நானு. வெள்ளின்னா பொட்டாட்டம் இருக்கும். இது வெட்டிப் போட்ட நகமாட்டம் இருக்குது. பொம்பள கேக்கறாளேன்னு எதையோ ஒட்டி வெச்சு ஏமாத்தறீங்களா?”

நான் கையில் இருந்த டம்ளரைப் பீன்ஸ் பாத்தியில் வைத்தேன். வைத்தேனா போட்டேனா என்று ஞாபகம் இல்லை.

“அக்கா, உங்களுக்குமா பிறையாட்டம் தெரியுது?”

என் குரல் அவ்வளவு பெரிசாக வந்ததை நானே கேட்டேன். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பின்ன எப்படித் தெரியும்? உனக்கு எப்படித் தெரியுது அம்மிணி?”

“பிறையாட்டந்தானுங்க்கா. மொதல்ல பாதி. இப்பப் பிறை.”

அவர் என்னையே பார்த்தார். “நீ முழுசுன்னு சொன்னியே?”

“சொன்னனுங்க.”

“ரவுண்டுன்னு சொன்னியே?”

“சொன்னனுங்க. உங்களுக்கு?”

“எனக்கும் பாதிதான்! லென்சு ஒடஞ்சதுனாலன்னுதான் நெனச்சேன். நீ முழுசாத் தெரியுதுன்னதும் என்ர கண்ணு போச்சுன்னு நெனச்சேன். இத்தன நாளா வேலையில மைக்ரோமீட்டர்ல கோட்டப் படிக்கறக்கே பயந்து பயந்து…” என்று அவர் முடிக்கவில்லை.

பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் நெஞ்சில் வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ ஒரே கையால் எடுத்து ஓரமாக வைத்தாற்போல இருந்தது. புடவையெல்லாம் மண்.

“அம்மிணிக்கு என்னங் ஆச்சு?” என்று அக்கா பயந்துவிட்டது.

“ஒண்ணுமில்லீங்க்கா. கண்ணு தெரியுது.”

“அது எப்பவும் தெரிஞ்சுதான இருந்துச்சு! நல்ல ஊடுடா சாமி இது. புருசனும் பொண்டாட்டியும் ஒரே கொழாயப் பாத்துக்கிட்டு ஆளுக்கொரு பொய்யச் சொல்லிக்கிட்டு! இந்தா, முள்ளங்கியப் புடி.”

அன்றைக்கு நாங்கள் பேசின அளவு அதற்கு முன் ஒரு வருடம் சேர்த்தும் பேசியிருக்க மாட்டோம். அம்மாவின் தட்டைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “அதுதான் கல்லுத் தேடுனியா?” என்றார். ஆமாம் என்றேன். சோறு ஆறிப் போய் முள்ளங்கிக் குழம்பின் மேல் ஆடை கட்டிவிட்டது. திடீரென்று கேட்டார்:

“ஏம்புள்ள, அன்னிக்குப் பந்தல்ல அருந்ததி தெரிஞ்சுதா?”

“இல்லீங்க. உங்களுக்கு?”

“எனக்குத் தலைக்கு மேல கரண்டுக் கம்பி தெரிஞ்சுது. அதுல ஒரு காக்கா.”

கல்யாணத்தன்று சொன்ன பொய்யை, மகளுக்குப் பதினைந்து வயது ஆனபிறகு அன்றைக்குத்தான் பேசிச் சிரித்தோம்.

என் பாரம் அன்றே இறங்கிவிட்டது. அவருக்கு முழுக்க இறங்கவில்லை. மூன்று பேருக்கும் பிறையாகத் தெரிகிறதென்றால் கண்ணில் பிழை இல்லை, அப்படியானால் வில்லையில்தான் பிழை என்று மறுபடியும் கழற்ற ஆரம்பித்தார். வில்லையை அப்படியே தலைகீழாகத் திருப்பி மாட்டினார். வெள்ளி திரும்பவில்லை, முன்பு எந்தப் பக்கம் வளைந்திருந்ததோ அப்படியே இருந்தது. எதிர் மலையில் சர்ச்சுக்கு முன்னால் எரிகிற விளக்கைப் பார்த்தோம். அது முழு வட்டமாகத் தெரிந்தது. அவர் தலையைச் சொறிந்துகொண்டார்.

சில நாள் கழித்து, அமாவாசை போய் மூணாம் நாள் பிறை வந்தது. மூணாம் நாள் பிறையைப் பார்த்துக் கும்பிடுவது எங்கள் வழக்கம். கண்ணுக்கு நல்லது என்பார்கள். நான் பின்வாசலுக்குக் கும்பிடப் போனேன். வெள்ளிக்குப் பக்கத்திலேயே பிறை நின்றது. அவர் முதலில் பிறையைக் குழாயில் பிடித்தார், என்னைப் பார்க்கச் சொன்னார். அப்புறம் குழாயை ஒரு விரல்கடை நகர்த்தி வெள்ளியைக் காட்டினார். பெரிய அரிவாளும் சின்ன அரிவாளும் ஒரே கொல்லன் அடித்தாற்போல இருந்தன. வளைவும் ஒரே பக்கம்.

“ரெண்டும் ஒரே பக்கந்தாங்க பாக்குது” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து எதிர் மலையைப் பார்த்தார். அங்கே சூரியன் இறங்கின இடம் இன்னும் சிவப்பாக இருந்தது. மறுபடி குனிந்தார். “தலைகீழாக் காட்டறதத் திருப்பிப் போட்டா, சூரியன் இருக்கற பக்கம்” என்று மெதுவாகச் சொன்னார். “நெலாவுக்கு எங்கிருந்து வெளிச்சம் வருதோ, அங்கிருந்துதான் இதுக்கும் வருது. வெள்ளியே தேயுது புள்ள. லென்சு மேல தப்பில்ல.” வில்லையைக் குழாயோடு சேர்த்துத் தட்டிக் கொடுத்தார், மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல.

இதை வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “அப்ப வெள்ளிக்கும் அமாவாசை உண்டுங்களா தம்பி?” என்றது.

“வரோணுமுங்க்கா.”

வந்தது. பங்குனியில் அது மெலிந்து மெலிந்து நூலாகி, மலைக்கு மேல் நிற்கிற நேரமும் குறைந்து, ஒரு நாள் தேடினால் இல்லை. முன்பு நான் எதை நினைத்து நடுங்கினேனோ அதேதான் நடந்தது. ஒரு கோடு, அப்புறம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது நான் பயப்படவில்லை. சந்திரன் போய் வருகிற மாதிரி இதுவும் வரும் என்று வாணலியில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் ஒரு விடியல். கதவைத் தட்டுகிற சத்தம். தலையில் காய்க்கூடையோடு அக்கா நின்றது.

“அம்மிணி! தம்பிய எழுப்பு! உங்க வெள்ளி கெழக்க வந்து நிக்குது!”

அவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு குழாயைத் தேயிலை வேரோடு தூக்கி வீட்டு முன்பக்கம் கொண்டு வந்தார். அக்கா கூடையை இறக்கவே இல்லை, நின்றபடியே, “சீக்கிரமுங், சீக்கிரமுங், பஸ்ஸு போயிரும்” என்றது. பார்த்தால் மறுபடியும் பிறை, ஆனால் திரும்பி வளைந்திருந்தது. பகல் வெளிச்சம் வரும்வரை ஆள் மாற்றி ஆள் பார்த்தோம். அக்காவுக்குப் பஸ் போய்விட்டது. “போச்சாது போ” என்று சிரித்துக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நடந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்கு இரண்டு ஜோடிக் கண்மலர் சாத்தினேன். “கண்ணு போகவே இல்லையே, எதுக்குச் சாத்தற?” என்று அக்கா கேட்டது. “போகலைன்னுதானுங்க்கா” என்றேன்.

அக்காவும் இப்போது இல்லை. அவர் போயும் வருடங்கள் ஆகிவிட்டன. தகரக் குழாய் திரும்பக் கூரைக்குப் போய், துரு ஏறி, அதுவும் இல்லை. வில்லை மட்டும் மகள் வீட்டில் இருக்கிறது.

போன மாதம் எனக்கு உண்மையாகவே கண் மங்கியது. மகள் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். சின்ன வயது டாக்டரம்மா. சுவரில் எழுத்துப் பலகையைக் காட்டி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, “தெரியுதா பாட்டி?” என்று கேட்டது.

“மேல நாலு வரி தெரியுதுங்க. அஞ்சாவது வரில மூணாவது எழுத்து பாதிதான் தெரியுது. கடைசி வரி தெரியலீங்க.”

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “எங்கம்மா எதையும் தெரியலைன்னு சொல்லவே மாட்டாங்களே” என்றாள். டாக்டரம்மா சிரித்தது. விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, புரைதான், அம்மாவுக்கு இருந்ததாகச் சொல்கிற அந்த வியாதியின் அடையாளம் எதுவும் இல்லை என்று சொன்னது. நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் இல்லை என்று சொன்னது. அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே எனக்கு அன்றைக்கு உட்கார்ந்த பீன்ஸ் பாத்தியின் ஈரம் தட்டியது.

புரை எடுத்தாயிற்று. கட்டுப் பிரித்த சாயங்காலம் மகள் வீட்டு மாடிப்படியில் நின்று மேற்கே பார்த்தேன். வெள்ளி இருந்தது. வெறுங்கண்ணுக்கு அது பொட்டாட்டம்தான். பாதியா முழுசா என்று இப்போது சொல்ல என்னிடம் குழாய் இல்லை.

இதைப் படிக்கிற விவரம் தெரிந்தவர்கள் எனக்கு ஓர் உதவி செய்ய வேண்டும். தை மாதம் பாதியாகவும், மாசியில் பிறையாகவும், பங்குனியில் மறைந்தும், சித்திரையில் கிழக்கேயும் இருந்தது என்று எழுதியிருக்கிறேன். ஒரே வருடத்தில் இப்படி வருமா என்று பாருங்கள். வெளிச்சம் மேல்பாதியில் இருந்தது என்று எழுதினேன், குழாய் தலைகீழாகக் காட்டியதால் அதில் எனக்குக் குழப்பம். மெலிய மெலியப் பெரிதானது என்றும் எழுதியிருக்கிறேன். அது நிஜமா, என் பயம்தான் பெரிதாக்கியதா என்று இன்றுவரை தெரியாது. கேட்க அவரும் இல்லை. சரிபார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிடுங்கள். மனம் நோகும் என்று நினைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.